நான்காவது மதகு

நான்காவது மதகு மலைப்பக்கம் இருக்கிறது. கதையில் ராணி படகேறிய துறை அதற்குக் கீழே, கடல்பக்கம். அப்படியென்றால் தண்ணீரில் போன பிள்ளை எப்படி மேலே போய்ச் சேர்ந்தது, ஆறு என்ன திரும்பியா ஓடும், இதைப் பதிமூன்று வயதில் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, இப்போது இருபத்தெட்டு வயதில், மே மாதக் கடைசிச் சனிக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு, அம்பத்தூரில் மூன்றாவது மாடி வீட்டு ஹாலில் தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறேன். தரையில்தான் உட்காருகிறேன் இப்போதெல்லாம். நாற்காலி என்றால் மடிக்கும் தரைக்கும் நடுவில் ஒன்றரை அடி இருக்கிறது. பிள்ளை மடியில் இல்லாதபோதும் தரைதான், பழகிவிட்டது. பிள்ளை உள்ளே மைனி பக்கத்தில் தூங்குகிறாள். மைனி என்றால் என் கணவர் கிளமென்டின் அக்கா, அமலோற்பவம், தூத்துக்குடிப் பக்கம் கன்னியர் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர், கோடை விடுமுறை விட்ட அன்றே பெட்டியோடு வந்து இறங்கினவள், எனக்கு அம்மா இல்லை என்பதை ஒரு வார்த்தை பேசாமல் நாற்பது நாளும் பூண்டு வதக்கி, வெந்நீர் போட்டு, பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டினவள். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. இன்று ஆறு மணிக்கு ஆட்டோ வரும், எட்டு மணிக்கு ரயில். கிளமென்டுக்கு இந்த மாதமும் அடுத்த மாதமும் இரண்டாவது ஷிப்ட், ஒன்றேகாலுக்குக் கிளம்பினால் வீடு திரும்பப் பதினொன்றரை ஆகும். இன்றும் கிளம்பிவிட்டார். நாளை ஞாயிறு, வீட்டில் இருப்பார். திங்கள் மதியம் ஒன்றேகாலிலிருந்து நானும் பிள்ளையும் மட்டும், கதவைச் சாத்தினால் இரண்டே பேர், அதில் ஒருத்திக்கு இன்னும் பேச்சு வரவில்லை, இன்னொருத்திக்கு வந்தும் சொல்லத் தெரியவில்லை. ஆறு மணிக்குள் மைனியிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கப் போய்த்தான் புத்தகத்தைக் கையில் எடுத்தேன்.

சொல்ல வேண்டியது ஒரே வரிதான். இருபத்தொரு நாள் முன்பு பால்கனியில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன், கீழே யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள், கையை விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். கோபமில்லை, தூக்கக் கலக்கமில்லை, பிள்ளை அழக்கூட இல்லை. மணி என்ன என்று யாரோ கேட்கிற மாதிரி அத்தனை சாதாரணமாக வந்தது, அந்தச் சாதாரணம்தான் தாங்கவில்லை, உள்ளே ஓடிவந்து பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் வாளித் தண்ணீரைப் பார்த்தபோது வந்தது. அதற்கு மறுநாள் வெங்காயம் நறுக்கும்போது. வராதே என்றால் வருகிறது, வருகிறதா என்று எட்டிப் பார்த்தாலும் வருகிறது, ஜெபமாலை உருட்டினால் மணிக்கு மணி வருகிறது, அருள் நிறைந்த என்று உதடு சொல்ல உள்ளே வேறொன்று ஓடுகிறது. நினைப்பில் செய்ததும் பாவம்தான் என்று மறைக்கல்வியில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வாங்கினவள் நான். பால்கனிக் கதவைத் தாழ்போட்டு, தாழைச் சுற்றிப் பழைய துப்பட்டாவால் கட்டினேன். “வேர்த்து ஊத்துது, கதவ எதுக்குட்டி கெட்டி வச்சிருக்க?” என்றாள் மைனி. புறா உள்ளே வருகிறது என்றேன். “வந்தா வரட்டும், பரிசுத்த ஆவின்னு நெனச்சுக்கோ,” என்றாள். சிரித்தேன், சிரிக்க முடிந்ததே என்று அதற்கும் பயந்தேன். மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்லிக் குளிப்பாட்டுவதை முழுக்க அவளிடம் விட்டேன், தைலம் தேய்த்துவிட்டாள், “உக்காந்த எடத்துல பிள்ள வளக்குற மகாராணிய எங்க வீட்ல இப்பத்தான் பாக்கோம்,” என்றாள் தேய்த்துக்கொண்டே. வலிக்காத கையில் தைலம் எரிந்தது. ஆனால் ஒன்று, அந்த நினைப்பு எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை, எங்கோ படித்த மாதிரி இருந்தது, படித்ததுதான், ஒரு ராணி, ஒரு படகு, விரிந்த இரண்டு கை. அதைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் ஒரு புத்தகத்திலிருந்து ஒட்டிக்கொண்டது, பிள்ளை பிறந்ததும் மேலே மிதந்து வந்திருக்கிறது, ஜலதோஷம் மாதிரி, தானாகப் போய்விடும் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டால், பிறகு மைனியிடம் எதற்குச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டாம், ஆட்டோ வரட்டும், கை அசைத்து அனுப்பிவிடலாம்.

மொத்தம் ஐந்து புத்தகம். ஏழு மதகுகள் என்று தமிழில் சொல்லலாம். எழுதினவர் ஆணா பெண்ணா என்பதுகூட அட்டையில் தெரியாது, இரண்டு இனிஷியலும் ஒரு குடும்பப் பெயரும். ஒரு பெரிய ஆறு, அதில் ஏழு மதகு, மதகுக்கு ஒரு சாவி, ஏழும் ஒருவன் கைக்குப் போனால் நாட்டை ஒரே நாளில் மூழ்கடிக்கலாம், அப்படிப் போகாமல் காப்பதுதான் கதை. ஒன்றும் இரண்டும் நான்கும் ஐந்தும் பழைய புத்தகக் கடையில் வேலைக்குப் போன பிறகு வாங்கினது. மூன்றாவது மட்டும் பள்ளி நூலகத்துடையது, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபோது பெட்டியில் துணிக்கு அடியில் வைத்து எடுத்து வந்துவிட்டேன், நான் செய்த ஒரே திருட்டு. அதில் பக்கம் நூற்றெண்பத்தொன்றில் கோட்டை விழுகிறது, ராணி இல்மேரா நான்கு மாதப் பிள்ளையைச் சாம்பல் நிறச் சால்வையில் சுற்றிக்கொண்டு படகேறுகிறாள், படகோட்டி முக்காடிட்ட ஓர் உருவம். நூற்றெண்பத்து நான்கில் அக்கரையில் இறங்குகிறாள். கையில் பிள்ளை இல்லை. நடுவில் உள்ள இரண்டு பக்கத்தையும் சிஸ்டர் அக்வினா ஒட்டிவிட்டார்கள். எங்கள் கான்வென்டில் அது வழக்கம். புதுப்புத்தகம் எது வந்தாலும் அலமாரிக்குப் போகுமுன் சிஸ்டர் முழுதாகப் படிப்பார்கள், பெண்பிள்ளைகளுக்கு ஆகாதது இருந்தால் கிழிக்க மாட்டார்கள், புத்தகத்தைக் கிழிப்பது பாவம், மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசையால் எதிரெதிர்ப் பக்கங்களை ஒட்டிவிடுவார்கள், மயில்துத்தம் பூச்சிக்கு, ஓரத்தில் அது பச்சை பூத்துத் தெரியும். நாங்கள் அதற்கு சாண்ட்விச் என்று பெயர் வைத்திருந்தோம். புத்தகத்தைக் கட்டைவிரலால் விசிறினால் சாண்ட்விச் வந்த இடத்தில் தாள் கனமாக நிற்கும், சாண்ட்விச் இல்லாத புத்தகத்தை யாரும் எடுக்க மாட்டோம். போனில் தேடியிருந்தால் அந்த இரண்டு பக்கத்தில் என்ன என்று எப்போதோ கிடைத்திருக்கும். தேடவில்லை. தேட வேண்டிய அவசியம் என்ன, எனக்குத்தான் தெரியுமே.

தெரியும் என்று நான்தான் சொன்னேன். எட்டாம் வகுப்பு, ஜூலை மாதம், ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மதிய ஓய்வு நேரம், நான்கைந்து பேர் என் கட்டிலில். “படகுக்காரன்கூடத்தான்டி, வேற என்ன, அதான் ஒட்டியிருக்காங்க,” என்றாள் செசிலி, அவளுக்கு எல்லாச் சாண்ட்விச்சிலும் முத்தம்தான். நான் அந்தத் தாளை ஜன்னல் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். எனக்குத் தெரியுது என்றேன். தெரிந்ததா? இரண்டு பக்க எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பச்சையாக ஒரு மூட்டம், அதில் கை என்று ஒரு சொல் தெரிந்த மாதிரி இருந்தது, இப்போது நினைத்தாலும் தெரிந்த மாதிரித்தான் இருக்கிறது. வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், பிள்ளை அழுகிறான், கரையில் எதிரிகளின் பந்தம், ராணி கையை நீட்டுகிறாள், தண்ணீருக்கு மேலே, விரிக்கிறாள். “அப்புறம்?” சிரிக்கிறாள் என்றேன். ஏன் சிரிக்க வைத்தேன். அழுதாள் என்று சொல்லியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அழுதாள் என்பதுதான் வாயில் முதலில் வரும், நான் சிரித்தாள் என்றேன், அறை அப்படியே அமைதியாகிவிட்டது, அந்த அமைதி எனக்கு இனித்தது. “புளுகாதட்டி,” என்றாள் செசிலி. உடனே நூற்றெண்பத்து நான்கைத் திருப்பி இரண்டாவது வரியைக் காட்டினேன். ராணியின் மேலங்கி முன்பக்கம் நனைந்திருந்தது. மழை இல்லை, படகு ஒழுகவில்லை, பின்னே எப்படி நனையும், குனிந்திருக்கிறாள், தண்ணீர் தெறித்திருக்கிறது. கணக்கு விடை சரியாக வந்த மாதிரி எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புச் சின்னப்பெண் ஒருத்தி அன்று ராத்திரி காய்ச்சலில் கிடந்தாள். நான்காம் புத்தகத்தில் அந்தப் பிள்ளை நான்காவது மதகுக்காரன் வீட்டில் ஓடியாடி வளர்கிறான், அதையும் சரிக்கட்டினோம், ஆறே காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது, கூடையில் மிதந்த பிள்ளையை மறைக்கல்வியில் படித்தவர்கள்தானே நாங்கள். அம்மா இறந்து அப்போது நான்கு மாதம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் நான்காவது மதகு மேலே இருக்கிறது, முதல் புத்தகத்திலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது, மதகுகளைக் கடலிலிருந்து மலைக்கு எண்ண வேண்டும், ராணி படகேறினது மூன்றுக்குக் கீழே. சால்வையும் உதைக்கிறது. ஏறும்போது பிள்ளையைச் சுற்றியிருந்த சாம்பல் சால்வை, நான்காம் புத்தகத்தில் பையன் தூங்கும்போது முகத்தோடு வைத்துக்கொள்வது அதே சால்வைதான், ஓரத்தில் எரிந்த ஓட்டை வரைக்கும் அதே, ஆற்றோடு போன சால்வை அத்தனை பத்திரமாகவா இருக்கும். எழுதினவர் கவனிக்கவில்லையா. ஐந்து புத்தகத்தில் ஒரு சாவியைக்கூடத் தொலைக்காதவர், எந்தக் குதிரைக்கு எந்தக் கால் நொண்டி என்பதை மறக்காதவர், ஆறு ஓடும் திசையையா மறப்பார். மறந்திருந்தால் நல்லது. மறந்திருக்கட்டும். ராணி கையை விரித்திருக்கட்டும், அது அங்கே இருக்கட்டும், அச்சில் இருக்கட்டும், என்னிடம் இல்லாமல். மறுபடி நூற்றெண்பத்து நான்கு. மேலங்கி முன்பக்கம் நனைந்திருந்தது. அடுத்த வரி, இரண்டு முன்கையையும் மார்போடு இறுக்கிக்கொண்டு அவள் படியேறினாள், தூரத்தில் எங்கோ ஒரு குழந்தை அழுதது, அவள் இன்னும் இறுக்கினாள். குளிர் என்று நினைத்திருந்தோம். குற்ற உணர்ச்சி என்றாள் செசிலி, பெரிய சொல், அப்போதுதான் கற்றிருந்தாள். உள்ளே மிரியம் சிணுங்கினாள், என் மிரியம், முழு அழுகை இல்லை, தூக்கத்தில் ஒரு முனகல், “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அத்த இருக்கேன்,” என்று மைனியின் தூக்கக் குரல், தட்டிக்கொடுக்கிற சத்தம். எனக்கு இரண்டு பக்கமும் ஊசி குத்தினாற்போல் இழுத்து மார் கனத்தது. யோசிக்காமல் முன்கையை வைத்து அழுத்தினேன், அழுத்தினால் நிற்கும், மைனி சொல்லித்தரவில்லை, உடம்புக்கே தெரிகிறது. நிற்கவில்லை. நைட்டியில் இரண்டு வட்டம், பெரிதாகிக்கொண்டே வந்தது. மழை இல்லை. படகு ஒழுகவில்லை. அது ஆற்றுத் தண்ணீர் இல்லை. பதிமூன்று வயதுப் பெண்கள் ஐந்து பேரும் ஒரு கன்னியரும் சேர்ந்து எத்தனை முறை படித்தாலும் அது பால் என்று எப்படித் தெரியும்.

எழுந்து அடுக்களைக்குப் போனேன். பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடையை வேகவைக்கிற சட்டியில் தண்ணீர் அடுப்பில் இருந்தது, பற்றவைத்தேன், ஆவி வந்ததும் புத்தகத்தை விரித்து அதன்மேல் பிடித்தேன், ஈர மைதா வாடை, அதோடு எங்கள் நூலகத்து வாடை, பதினைந்து வருடம் கழித்து அது எப்படி உள்ளே இருந்தது. கத்தி பக்கத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை, கரண்டிக் காம்பை ஓரத்தில் விட்டு நெம்பினேன். சிஸ்டரின் பசை சாமானியமாக விடாது. கொஞ்சம் ஆவி, கொஞ்சம் நெம்பல், தோல் உரிகிற மாதிரி சத்தம், சில இடத்தில் எழுத்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தலைகீழாக வந்தது, இரண்டு மூன்று வரி போயே போய்விட்டது, மிச்சம் பச்சைக் கறையோடு வாசிக்கிற மாதிரி இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே படித்தேன். நடு ஆறு. பிள்ளை அழுகிறான். கரையில் பந்தங்கள் நிற்கின்றன, அழுகுரல் எந்தப் பக்கம் என்று தேடுகின்றன. ராணி மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கிறாள். அந்த இடத்தில் ஒரு சொல்லுக்கு அடியில் பென்சில் கோடு, மெல்லியதாக, அளவுகோல் வைத்துப் போட்டது, மார்பு என்கிற சொல். வேறெதற்கும் கோடு இல்லை. பிள்ளை குடிக்கிறான், அழுகை நிற்கிறது, பந்தங்கள் கீழ்ப்பக்கம் போகின்றன. படகோட்டி முக்காட்டைத் தள்ளுகிறாள், பெண், நான்காவது மதகுக்காரனின் மனைவி, அவளுக்கும் வீட்டில் ஒரு கைக்குழந்தை. கரை தட்டுகிறது. ராணி தூங்குகிற பிள்ளையைச் சால்வையோடு அவளிடம் கொடுக்கிறாள். கொடுத்துவிட்டு, கழுத்தைப் பிடி, என்கிறாள், இன்னும் சரியாக நிற்கவில்லை. படகு மலைப்பக்கம் திரும்புகிறது. அவ்வளவுதான் இரண்டு பக்கம். ஒரு தாய் பால் கொடுத்ததைப் பெண்பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டின இடத்தில் நான் பிள்ளையை ஆற்றில் போட்டேன்.

சிரிப்பு வரவேண்டும், செசிலிக்கு போன் போட்டு ஏட்டி கேட்டியா என்று சொல்ல வேண்டும், அவள் குவைத்தில் டூட்டியில் இருப்பாள். சிரிப்பு வரவில்லை. கழுத்தைப் பிடி என்கிற வரியிலேயே நின்றேன். எல்லோரும் சொல்வதுதான், பக்கத்து வீட்டில் யாராவது பிள்ளையை வாங்கினால் நானும் சொல்வேன், சொல்லியிருக்கிறேன், கை தானாக அவர்கள் கைக்கு அடியில் போகும். இப்படிச் சொல்கிறவளைத்தான் சிரிக்க வைத்தேன். அப்படியானால் அது புத்தகத்தில் இல்லை. எங்கேயும் இல்லை. ஒட்டிக்கொண்டது இல்லை, மிதந்து வந்தது இல்லை, யாரும் எழுதாததை நான் வாசித்திருக்கிறேன், கல்யாணத்துக்கு முன்பே, பிள்ளைக்கு முன்பே, எட்டாம் வகுப்பில், பாவாடை சட்டையில் உட்கார்ந்துகொண்டு. இருபத்தொரு நாள் இல்லை, பதினைந்து வருடம். அப்போதே உள்ளே இருந்திருக்கிறது என்றால் இது போகிற வியாதி இல்லை, இதுதான் நான். இல்லை. இல்லை, அன்றைக்கு நான் பயமுறுத்த ஆசைப்பட்டேன், இன்றைக்கு நான் பயப்படுகிறேன், இரண்டும் ஒன்றா, பயமுறுத்துகிறவள் தாழில் துப்பட்டா கட்டுவாளா. கட்டுவாள், ஏமாற்றுவதற்குக் கட்டுவாள். யாரை, புறாவையா. இப்படியே போய்க்கொண்டிருந்தேன், மதகுக்கு மதகு, ஒவ்வொன்றும் திறந்தால் அடுத்தது, குழாயடியில் பாலாடையைக் கழுவினேன், கழுவினதையே திரும்பக் கழுவினேன். ஒன்று மட்டும் ஆகிவிட்டது. புத்தகத்தின்மேல் போட முடியாது இனி. மைனியிடம் சொல்லாமல் இருப்பதற்கு வைத்திருந்த ஒரே காரணத்தை நானே ஆவி காட்டிப் பிரித்துவிட்டேன். மணி நான்கு நாற்பது.

“என்னட்டி கருகுற வாடை?” மைனி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள், முடி ஒரு பக்கம் அமுங்கி, கன்னத்தில் பாய் தடம். பசை என்றேன். “பசையா! பிள்ள பெத்தவ மதியம் தூங்காம பசை காய்ச்சுதாளாக்கும்.” என் நைட்டியைப் பார்த்தாள். “ஊத்துது பாரு, இந்தா குடு மொதல்ல.” தரையில் உட்கார்ந்து வாங்கிப் பால் கொடுத்தேன், மிரியம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் என் விரலைப் பிடித்து அவசரமில்லாமல் குடித்தாள். மைனி டீ போட்டாள், முகம் கழுவினாள், ரயில் சேலை கட்டினாள், பேசிக்கொண்டே இருந்தாள், தேங்காய்த் துவையல் மூன்று நாளைக்கு வரும், ஓமத்தண்ணி பாட்டிலை வெயிலில் வைக்காதே, அவன் டிபன் பாக்ஸைக் கழுவாமல் கொண்டு வந்தால் முகத்துக்கு நேரே வை. நான் சரி மைனி சரி மைனி என்றேன். ஐந்தேகால். சொல்லப் போனேன், அவள் சீப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஐந்தரை. சொல்லப் போனேன், கிளமென்ட் போன் பண்ணினார், அக்காவுக்குத் தண்ணி பாட்டில் கொடுத்தியா என்றார். சொன்னால் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போவாள். எடுத்துக்கொண்டு போகட்டும். போனால் நான் என்ன ஆவேன். ஐந்தே முக்கால். மைனி பிள்ளையை ஏப்பம் விட வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, இன்னொரு கையால் பையின் ஜிப்பை இழுத்தாள்.

“மைனி.”

“என்ன?”

“எனக்கு மணிக்கட்டு வலியெல்லாம் இல்ல.”

“தெரியும்,” என்றாள், திரும்பக்கூட இல்லை. “வலிக்குற கையால எவளாவது ஊறுகா பாட்டில தொறப்பாளா? நோகாம இருக்கணும்னு நெனைக்கா, பச்ச ஒடம்பு, இருந்துட்டுப் போட்டும்னு விட்டேன்.”

“அதில்ல மைனி,” என்றேன், பிறகு சொன்னேன். ஒரு வரி என்று நினைத்திருந்தேன், ஒரு வரியாக வரவில்லை, பால்கனி, வாளி, வெங்காயம், புறா வந்தது பொய், எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தது, புத்தகத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. ஜிப் பாதியில் நின்றது. மைனி என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள், அது தொடைக்கு அடியில் இருந்தது. சிலுவை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. தட்டல் மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட மெதுவாக.

“செய்யணும்னு தோணுதா, இல்ல செஞ்சிருவமோன்னு பயமா இருக்கா? ரெண்டும் வேற வேற. நல்லா யோசிச்சுச் சொல்லு.”

இருபத்தொரு நாளில் நான் அதைப் பிரிக்கவே இல்லை. “பயம்,” என்றேன். “பயம் மட்டும்தான்.”

“தம்பிக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நல்ல குடும்பம் போ,” என்றாள். அவள் குரல் உடைந்து, உடனே டீச்சர் குரலானது. “திங்கக்கிழம காலைல பிரசவம் பாத்த டாக்டரம்மாட்ட போறோம். இப்பச் சொன்னத அங்கயும் சொல்லணும், ஒண்ணு விடாம. எனக்கு இதுக்கு மருந்து தெரியாது, அவங்களுக்குத் தெரியும். நாளைக்கு அவன்கிட்ட நான் சொல்லட்டுமா, நீ சொல்லுதியா?”

“உங்களுக்கு ஸ்கூல் மைனி. ஆட்டோ வந்துரும்.”

“அத விடு.” கண்ணாடியைத் தேடினாள், தலையில் இருந்தது, போனை எடுத்தாள், ஒரு கையால் எண் தட்ட வரவில்லை. “இந்தா, பிள்ளையப் பிடி.” நான் எழுந்திருக்கவில்லை. கீழே குடுங்க மைனி, உக்காந்தே வாங்கிக்கிறேன் என்றேன். “எந்திரி. நான் இங்கதான நிக்கேன்.” எழுந்தேன். மிரியம் வந்தாள், சூடாக, பால் வாடையோடு, நாற்பது நாளில் எடை கூடியிருக்கிறாள் என்று நின்றபோதுதான் தெரிந்தது, உட்கார்ந்த மடிக்கு அது தெரியவில்லை. நினைப்பு வந்தது. சொன்ன உடனே போய்விடும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, போகவில்லை, அதே சாதாரணமாக வந்து நின்றது, ஆனால் இப்போது அறையில் அது இருப்பது இன்னொருவருக்கும் தெரியும். மைனி என் பக்கத்தில் தோளோடு தோள் உரச வந்து நின்றாள், பள்ளிக்குப் போட்ட போனைக் காதில் வைத்தாள், அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கே கேட்டது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விடை மட்டும் போதாது வழிமுறையையும் எழுது என்று மார்க் குறைத்தவள், தொண்டையைச் செருமி, நோயாளிக் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

“சிஸ்டர், அமலோற்பவம் பேசுதேன், மெட்ராஸ்லருந்து. நல்லா இல்ல சிஸ்டர். அம்ம போட்டுருக்கு. ஆமா, சின்னம்மதான், மொகம் பூரா. இந்த வயசுல வருதே, என்ன செய்ய.” ஒரு கொப்புளம் இல்லாத முகம், வியர்வை மட்டும். “இல்ல சிஸ்டர், தண்ணி ஊத்தாம எப்படி வர, பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கிடும்லா. எத்தன நாளா, அத இப்பச் சொல்ல முடியாது சிஸ்டர்.” கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மைனி போனைக் கையால் பொத்திக்கொண்டு, பிள்ளை எக்குகிறாளே, நிமிர்த்திப் பிடி என்று கண்ணாலேயே அதட்டினாள். நிமிர்த்திப் பிடித்தேன்.